வளைவின் உயரம்

மில் வீடு
பிப்ரவரி 3

அன்புள்ள பொடிசுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், உன் மாமாவின் முழங்கால் ஒன்றுதான் தனிக்கட்சி நடத்துகிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? போனில் கேட்கலாம்தான். ஆனால் நாம் போனை எடுத்தால் சௌக்கியம் விசாரித்து முடிப்பதற்குள் சண்டை வந்துவிடுகிறது. யாராவது ஒருத்தி பட்டென்று வைத்துவிடுகிறோம். கடிதத்தில் அந்த வசதி இல்லை, முழுசாகப் படித்துத்தான் ஆக வேண்டும். அதனால்தான் ஊராட்சித் தபால் பையோடு இதையும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வளைவு திறந்தாயிற்று! நீதான் வரவில்லை. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்புகிற இடத்தில், இரண்டு வாய்க்காலுக்கும் நடுவே, கம்பீரமாக நிற்கிறது. தூணுக்கு ஒரு குதிரை, நடுவில் கீழ்நோக்கித் தொங்குகிற மாதிரி சிமெண்டில் ஒரு பெரிய பூங்கொத்து, மேலே ஊர்ப் பெயர், அதற்கடியில் கல்லில் வெட்டி ஊராட்சித் தலைவர் என்று என் பெயர். பக்கத்து ஊர்த் தலைவி, அந்தத் தையல்காரி, போன வருஷம் இரும்புக் குழாயில் தகரத்தை அடித்து ஒரு வளைவு வைத்தாளே, அது ஊர்ப் பெயருக்கு ஓரம் அடித்த மாதிரி இருக்கும். இனி அவள் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் போக வேண்டும்.

சரி, காரியத்துக்கு வருகிறேன். போன கோடையில் எங்கள் ஊர் மரப்பட்டறை எரிந்தது உனக்குத் தெரியும். உங்கள் நகராட்சித் தீயணைப்பு வண்டி எல்லைக் கல்வரை வந்து நின்றுகொண்டு, "இதுக்கு மேல போக உத்தரவு இல்லைம்மா" என்று வேடிக்கை பார்த்தது. அன்றைக்கு நகராட்சிக்குள் புகுந்து நான் போட்ட சத்தத்தில்தான் இந்தக் கூட்டுக் குழுவே பிறந்தது. நகராட்சியும் நான்கு ஊராட்சிகளும் சேர்ந்து ஒரே தீயணைப்பு வண்டி, எல்லை கிடையாது, எங்கே எரிந்தாலும் போக வேண்டும் என்று முதலில் சொன்னது யார்? நான். அந்த வண்டி நிற்க வேண்டிய ஊர் எது? நீயே சொல்.

மில்லுக்குப் பக்கத்தில் ஷெட் போட இடம் சுத்தம் பண்ணி வைத்துவிட்டேன். குழுவுக்குச் செயலாளர் நீ. பரிந்துரை எழுதப்போகிற கை உன்னுடையது. இதற்கு மேல் அக்கா சொல்ல வேண்டுமா?

வெந்நீர் குடி. மாப்பிள்ளையையும் குழந்தைகளையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா


நகராட்சி மாடி அறை
பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவின் முழங்காலைச் சமாதானப் பேச்சுக்குக் கூப்பிடு. என் இருமல் இந்த அறையின் தூசியால் வருவது. பழைய வரி வசூல் அறையைக் குழுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். மேற்கு ஜன்னல் வழியாக மத்தியானம் முழுக்க வெயில் என் மேஜைமேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

திறப்பு விழாவுக்கு வர முடியாமல் போனதற்குக் கோபிக்காதே. அன்றைக்கு ஐந்து தலைவர்களில் நீ ஒருத்திதான் வரமாட்டாய் என்று தெரிந்தே கூட்டத்தை வைத்துவிட்டார்கள், நான் இல்லாமல் நடக்காது.

வண்டி எங்கே நிற்பது என்பதை இப்போதே சொல்ல முடியாது அக்கா. நகராட்சிக்காரர்கள் "காசு அதிகம் போட்டது நாங்க" என்கிறார்கள், ஊராட்சிக்காரர்கள் "எரியறது எங்க ஊரு" என்கிறார்கள். இதில் செயலாளர் சொந்த அக்காவுக்குச் சலுகை காட்டினாள் என்று ஒரு பேச்சு வந்தால் குழுவே உடைந்துபோகும். வண்டியை எல்லா ஊருக்கும் ஒருதடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பரிந்துரை. உன் ஊருக்கு அடுத்த வாரம்.

அதற்கு முன்னால் ஒன்று வேண்டும். வளைவின் உயரம் எவ்வளவு? டிரைவர் பாதை விவரம் கேட்கிறார். கொத்தனாரிடம் கேட்டு ஒரு வரி எழுது.

குழந்தைகள் பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

உன் பொடிசு


மில் வீடு
பிப்ரவரி 22

அன்புள்ள பொடிசுக்கு,

சௌக்கியம். நேரில் பார்த்துவிட்டதால் உன் சௌக்கியம் தெரிகிறது, இளைத்திருக்கிறாய். அந்த வெயில் அறைதான் காரணம்.

வளைவைப் பற்றிக் கேட்டிருந்தாயே. வெள்ளை அடித்து, குதிரைக்கு மட்டும் பழுப்பு. முதலில் கறுப்புக் குதிரைதான் என்றார் கொத்தனார், நான் விடவில்லை. பூங்கொத்துக்கு மட்டும் மூன்று கை பெயிண்ட் பூசியிருக்கிறது, மழைக்குப் போகாது. அந்தச் செலவில் தையல்காரியின் தகர வளைவை இரண்டு வைக்கலாம்.

வெள்ளோட்டத்தன்றைக்கு நடந்ததை நான் மறக்க மாட்டேன். நல்லது ஒன்று, கெட்டது ஒன்று. நல்லது உங்கள் டிரைவர். நல்ல மனுஷர். வண்டியை வளைவுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு இறங்கினார். ஒரு மூங்கில் கழியைக் கையில் வைத்துக்கொண்டு, என் பூங்கொத்தை அண்ணாந்து பார்த்தபடியே நின்றார் பார், அப்படி ஒரு மயக்கம்! கழியால் அதைத் தொட்டும் பார்த்தார். "ஒட்டடை எல்லாம் கிடையாது, புதுசு" என்று நான் சொன்னேன். "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். டீ குடித்துவிட்டு, உள்ளே திருப்ப வசதிப்படாது என்று அங்கேயிருந்தே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பெரிய குறைதான், குழந்தைகள் எல்லாம் மில்வரை வரிசையாக நின்றிருந்தன.

கெட்டது, தையல்காரி. அவள் ஊருக்கு வெள்ளோட்டம் முதல் நாளே முடிந்துவிட்டது. அப்புறம் எங்கள் ஊருக்கு என்ன வேலை? வண்டியின் முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்துகொண்டு வந்தாள். இறங்கியதும் நேராக உன்னிடம். நீங்கள் இரண்டு பேரும் என் வளைவுக்கு அடியில் தலையோடு தலை வைத்துக் குசுகுசுவென்று பேசினீர்கள். நான் டீ டம்ளரோடு வந்ததும் இரண்டு வாயும் மூடிக்கொண்டன. என்ன பேசினீர்கள்?

மாமா விசாரித்தார். பதில் சீக்கிரம் எழுது.

உன் அக்கா


நகராட்சி மாடி அறை
மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம், அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னித்துவிடு, இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

பரிந்துரை எழுதிவிட்டேன். வண்டி தையல்காரம்மாவின் ஊரில் நிற்கும். காரணம், அது நகரத்துக்கும் மற்ற மூன்று ஊருக்கும் நடுவில் இருக்கிறது. குழு ஒப்புக்கொண்டுவிட்டது. நீ கூட்டத்துக்கு வராததைக் குறிப்பில் எழுதாமல், 'விவாதத்துக்குப் பின்' என்று எழுதியிருக்கிறேன்.

வளைவின் உயரம் என்று கேட்டேன், பெயிண்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். உயரம் எவ்வளவு அக்கா? பூங்கொத்தை எடுத்துவிட்டால் வளைவு இன்னும் எடுப்பாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது. கொஞ்சம் யோசி.

மாமாவை முழங்காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்.

உன் பொடிசு


மில் வீடு
மார்ச் 16

பொடிசுக்கு,

நான் உயிரோடுதான் இருக்கிறேன். நீயும் நன்றாகத்தான் இருப்பாய், உனக்கென்ன.

நடுவில் இருக்கிறதாம்! நடுவில் இருப்பது அவள் ஊர் இல்லை, அவள். உனக்கும் எனக்கும் நடுவில். வரைபடத்தைப் பார்க்க எனக்கும் தெரியும். அவள் ஊரிலிருந்து கடைசி ஊருக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவுதான் என் ஊரிலிருந்தும். யார் காதில் பூ சுற்றுகிறாய்?

நேற்று வரி விஷயமாக நகராட்சிக்கு வந்தேன். நீ கூட்டத்தில் இருந்தாய். மாடி அறையை எட்டிப் பார்த்தேன். மேற்கு ஜன்னலில் பச்சைத் திரைச்சீலை, மடிப்பு மடிப்பாக, அடியில் பூ வேலையோடு! பியூனைக் கேட்டேன். "தையல்காரம்மா தைச்சுக் குடுத்தாங்க, மேடத்துக்கு வெயில் படுதுன்னு" என்றான். உனக்கு வெயில் படுகிறது என்று எனக்கு எழுதினாய். துணி வாங்கித் தைத்து மாட்டினது அவள். நான் வெறுமனே இளைத்துவிட்டாய் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அந்தத் திரைச்சீலையைப் பார்த்த நிமிஷத்திலிருந்து வயிறு எரிகிறது, மறைக்க மாட்டேன்.

இன்னும் கேள். அவளுடைய ஷெட்டுக்கு ஹோஸ் சுருள் மட்டும் வழக்கமான கணக்கைவிட ஒரு மடங்கு அதிகமாக வாங்கியிருக்கிறீர்களாமே. குழுவில் அவள்தான் எழுந்து நின்று, "எனக்கு நீளமாத்தான் வேணும்" என்று கேட்டாளாம், நீ உடனே சரி என்றாயாம். அவள் ஊரே ஒரு கைக்குட்டை அகலம். அத்தனை ஹோஸை வைத்து என்ன செய்யப்போகிறாள், துணி காயப்போடப் போகிறாளா? பொதுப் பணம் என்றால் இஷ்டத்துக்கு அளந்து கொடுப்பாயா?

பூங்கொத்தை எடுக்க வேண்டுமாம். இது உன் வாயிலிருந்து வந்த பேச்சு இல்லை. அவள் கண் என் வளைவின்மேல் விழுந்த அன்றைக்கே எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வெள்ளோட்டத்தன்றைக்கு வண்டி கிளம்பும்போது நீ அவளைக் கூப்பிட்டாய். "அக்கா, பார்த்து ஏறுங்க அக்கா" என்றாய். இரண்டு அக்கா, ஒரு வாக்கியத்தில். என்னை நீ அந்த மாதிரி கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க யோசித்தேன்.

எங்கள் ஊராட்சி உங்கள் குழுவிலிருந்து விலகும். நகரத்தோடு சேர்ந்தால் நகரம் விழுங்கிவிடும் என்று மீசைக்காரர், அதுதான் முன்னாள் தலைவர், அன்றைக்கே சொன்னார். அவர் சொன்ன ஒரே சரியான பேச்சு அதுதான்.

மாமா விசாரித்தார். நான் விசாரிக்கவில்லை.

அக்கா


கூட்டுக் குழு அலுவலகம்
மார்ச் 31

பெறுநர்: ஊராட்சித் தலைவர் அவர்கள்.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஊராட்சி கூட்டுக் குழுவிலிருந்து விலகும் எண்ணம் குறித்த தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. குழுவின் விதிகளின்படி, விலக விரும்பும் ஊராட்சி தன் மன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி மே மாத இறுதிக்குள் அனுப்ப வேண்டும். தீர்மானம் கிடைத்த நாள்முதல் பொதுத் தீயணைப்பு வண்டி தங்கள் எல்லைக்குள் வர இயலாது என்பதையும் பணிவுடன் நினைவூட்டுகிறேன்.

மேலும், தங்கள் ஊராட்சி நுழைவு வளைவின் உயரம் குறித்த விவரம் இதுவரை வந்து சேரவில்லை. அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்

(இதற்குக் கீழே கையால் எழுதியிருந்தது: உன் கடிதத்துக்கு இப்படித்தான் என்னால் பதில் எழுத முடிந்தது. அழுதுகொண்டே சாதாரணக் கடிதம் எழுத வரவில்லை. மாத்திரையை வேளைக்குச் சாப்பிடு.)


ஊராட்சி அலுவலகம்
ஏப்ரல் 4

பெறுநர்: செயலாளர் அவர்கள்.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நினைவூட்டல் கிடைத்தது. தீர்மானம் உரிய காலத்தில் வந்து சேரும். நுழைவு வளைவு எங்கள் ஊராட்சியின் சொந்த நிதியில், எங்கள் ஊராட்சியின் சொந்த நிலத்தில் நிற்கிறது. அதன் உயரம், அகலம், குதிரையின் வால் நீளம் எதுவும் தங்கள் குழுவின் அதிகார வரம்புக்குள் வராது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைவர்

(கீழே, பென்சிலில்: ராத்திரி பூராவும் இருமுகிறாய் என்று மாப்பிள்ளை மாமாவிடம் சொன்னாராம். டாக்டரிடம் போ. திரைச்சீலையும் தூசியைத்தான் சேர்க்கும்.)


வீடு
ஏப்ரல் 21

அக்கா,

டாக்டரிடம் போனேன், பயப்பட ஒன்றும் இல்லை. நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும்.

விலகாதே. கெஞ்சித்தான் கேட்கிறேன். என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள், வாழ்நாள் முழுக்கப் பேசாமல்கூட இரு. காரணம் மட்டும் கேட்காதே. அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போடாதே.

பொடிசு


மில் வீடு
மே 25

பொடிசுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் எழுதிவிடுகிறேன். மாமாவுக்குப் புகையில் தொண்டை கட்டியிருக்கிறது, முழங்காலில் அடி, மற்றபடி நல்லபடியாக இருக்கிறார். நீ ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நான் உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன், இல்லாவிட்டால் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். இரண்டுமே ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்காது. அதனால் எழுதுகிறேன்.

உன் நாலு வரிக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. ஆனால் விலகல் தீர்மானம் மேஜைமேல்தான் கிடந்தது. மன்றத்தில் வைக்கலாம் என்று எடுப்பேன், உன் நாலு வரி கண்ணில் படும், திரும்ப வைத்துவிடுவேன். மீசைக்காரர் தினமும் வந்து, "என்ன தலைவி, தங்கச்சி பாசமா?" என்று சீண்டிவிட்டுப் போவார். திங்கட்கிழமை மன்றக் கூட்டம், அன்றைக்குக் கட்டாயம் நிறைவேற்றிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பட்டப்பகலில் மில் பெல்ட் சூடேறி, பின்னாலிருந்த சாக்குக் குவியலில் பிடித்துக்கொண்டது. நான் ஊராட்சி அலுவலகத்தில் இருந்தேன். ஓடிப் போய்ப் பார்த்தால் பின்கட்டு முழுக்கப் புகை. உன் மாமா மூட்டையை இழுக்கிறேன் என்று உள்ளே போனவர், முழங்கால் மடங்கி உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். குரல் மட்டும் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. அண்டை அயலார் குடத்தில் தண்ணீர் ஊற்றினார்கள், அது ஆவியாகக்கூட மிஞ்சவில்லை.

யாரோ வண்டிக்குப் போன் பண்ணியிருக்கிறார்கள். மணிச் சத்தம் கேட்டதும் நான் வளைவை நோக்கி ஓடினேன். வண்டி மெயின் ரோட்டிலிருந்து வேகமாக வந்து திரும்பியது, நேரே என் வளைவுக்கு முன்னால் வந்து, நின்றுவிட்டது. எல்லைக் கல்லில் நின்றதே, அதே மாதிரி. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

"உள்ள ஓட்டுய்யா! இன்னும் நாங்க விலகலை! கையெழுத்து போடலைய்யா!" என்று கத்தினேன். உலகத்தில் எவளாவது தீப்பிடித்த நேரத்தில் இப்படிக் கத்துவாளா?

டிரைவர் குதித்து இறங்கினார். "வண்டி நுழையாதும்மா. மேல இடிக்கும்" என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே ஹோஸை இழுக்க ஆரம்பித்துவிட்டார். நான் அண்ணாந்து பார்த்தேன். அந்தப் பூங்கொத்து வண்டியின் நெற்றிக்கு நேராகத் தொங்குகிறது. மில்லுக்கு வருகிற மூட்டை வண்டி எல்லாம் சின்ன வண்டி, பஸ் மெயின் ரோட்டோடு போய்விடும். நாலு மாதமாக அதற்கடியில் போய் வருகிறேன், ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லையே!

அப்போதுதான் முன் சீட்டிலிருந்து அவள் இறங்கினாள். அதே சீட். "நீங்க அழாதீங்க. ஹோஸ் எட்டும்" என்றாள். மில் ஊரின் கடைசியில் இருக்கிறதே, எப்படி எட்டும் என்று கேட்டேன். "கடைசி வீட்டுக்கும் எட்டும். அளந்துதான வாங்கினோம்" என்று சொல்லிக்கொண்டே ஒரு சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் ஓடினாள் பார், செருப்பு ஒரு பக்கம் போயிற்று. நான் அடுத்த சுருளைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஒன்றோடு ஒன்று மாட்ட மாட்ட அது தெருவில் நீண்டுகொண்டே போயிற்று. மில் வாசலையும் தாண்டி, பின்கட்டுவரை எட்டியது. டிரைவர் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய் உன் மாமாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

எல்லாம் அணைந்த பிறகு தெருவோடு நடந்தேன். கிடந்த ஹோஸைப் பார்த்துக்கொண்டே வளைவுவரை வந்தேன். துணி காயப்போடப் போகிறாளா என்று நான் எழுதினது ஞாபகம் வந்தது. அங்கேயே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உனக்குத் தெரியும். அந்த டிரைவருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும். வளைவைக் கட்டினவளுக்கு மட்டும் தெரியாது. ஏன் சொல்லவில்லை? உன் மாமா அந்தப் புகைக்குள் உட்கார்ந்திருந்தார், பொடிசு. நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லு, ஏன் சொல்லவில்லை?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


வீடு
மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா கஞ்சி குடித்தார் என்று கண்டக்டர் சொன்னார், உயிர் வந்தது. இங்கே எல்லோரும் நலம்.

நான் மூன்று தடவை உயரம் கேட்டேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். வெளியே தெரிந்தால் மீசைக்காரர் அதை வைத்தே உன்னைப் பதவியிலிருந்து இறக்கியிருப்பார், அதனால் மூடி மறைத்தேன் என்றும் சொல்லலாம். தையல்காரம்மா அப்படித்தான் சொன்னார்கள். "ஹோஸ் நான் கேட்ட மாதிரி இருக்கட்டும், எனக்குப் பேராசைன்னு பேசிட்டுப் போகட்டும், அவங்க பேரு கெடவேணாம்" என்றார்கள். வளைவுக்கு அடியில் நாங்கள் பேசினது அதுதான்.

ஆனால் நீ கேட்டது என்னை. உண்மையைச் சொல்கிறேன்.

கல்லில் உன் பெயரைப் பார்த்தேன் அக்கா. அவ்வளவு பெரிய எழுத்தில். நம் வீட்டில் எப்போதும் உன் பெயர்தான் முதலில். பரிசு வாங்கினால் நீ, பாராட்டினால் உன்னை, நான் 'அவள் தங்கை'. இந்தக் குழுவை ஒவ்வொரு ஊராக நடந்து, ஒவ்வொரு தலைவராகக் கெஞ்சிக் கட்டினது நான். அதில் என் பெயர் எங்கே இருக்கிறது? கூட்டக் குறிப்பின் அடியில், சின்ன எழுத்தில். அன்றைக்கு டிரைவர் கழியை வைத்து, 'நுழையாது மேடம்' என்று என் காதில் சொன்னபோது, எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். ஒரு நொடிதான், ஆனால் சந்தோஷம்.

அதற்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பேன்? உன்னிடம் சொல்ல வரும்போதெல்லாம், இது உன் ஊருக்காகச் சொல்கிறேனா, உன் குதிரை விழ வேண்டும் என்று சொல்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நீயும் பொறாமையில் பேசுகிறேன் என்றுதான் சொல்லியிருப்பாய். அது பாதி நிஜமாகவும் இருந்திருக்கும். அதனால் ஹோஸை வாங்கினேன். ஹோஸுக்குப் பொறாமை தெரியாது.

அது தப்பு. மாமாவைக் கட்டிலில் பார்த்தபோது அது எவ்வளவு பெரிய தப்பு என்று புரிந்தது. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

அவர்களை அக்கா என்று கூப்பிட்டது நிஜம்தான். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துக் கூப்பிட முடியாமல் அந்த வார்த்தை வாயில் நின்றுகொண்டே இருந்தது. பக்கத்தில் அவர்கள் இருந்தார்கள்.

மாமாவைத் தூங்கவிடு. நீயும் தூங்கு.

உன் பொடிசு


மில் வீடு
ஜூன் 18

அன்புள்ள என் பொடிசுக்கு,

எல்லோரும் நலம். மாமா கோலை ஊன்றிக்கொண்டு மில்லை மேற்பார்வை பார்க்கிறார், அதாவது எல்லோரையும் அதிகாரம் பண்ணுகிறார். உன் இருமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உன்னைத் திட்டினேன். நாலாம் நாள் அந்த 'ஒரு நொடி சந்தோஷம்' என்கிற இடத்தைத் திரும்பப் படித்தேன், சிரிப்பு வந்துவிட்டது. தையல்காரியின் தகர வளைவு காற்றில் ஆடியபோது எனக்கும் அதே சந்தோஷம் வந்தது, ஒரு நொடிகூட இல்லை, ஒரு வாரம். ஒரே வயிற்றில் பிறந்திருக்கிறோம், வேறு எப்படி இருப்போம்? ஆனால் இனிமேல் பொறாமையோடேயே சொல்லித் தொலை. பொறாமையில் சொன்னாலும் உயரம் உயரம்தான்.

மன்றக் கூட்டத்தில் நானே எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். யார் கட்டினது, ஏன் அவ்வளவு தாழ்வாகத் தொங்குகிறது, யார் யார் எனக்காக வாயை மூடிக்கொண்டார்கள், எல்லாம். மீசைக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு எழுந்தார், அவருக்குச் சொல்ல ஒன்றும் பாக்கி இல்லை, உட்கார்ந்துவிட்டார். விலகல் தீர்மானத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அடுத்த வருஷம் வண்டி நிற்கும் இடத்தை மாற்றலாமா என்று உன் குழு கேட்டால், வேண்டாம், அங்கேயே நிற்கட்டும் என்று எழுதிக்கொள். நடுவில்தான் இருக்கிறது. வரைபடத்தைத் திரும்ப அளந்து பார்த்தேன்.

நேற்று கொத்தனாரைக் கூப்பிட்டு வளைவின் மேல்பாகத்தை இடிக்கச் சொன்னேன். முதலில் விழுந்தது பூங்கொத்து. நான் அழவில்லை, கொத்தனார்தான் அழுதார். தூண் இரண்டும் குதிரையோடு நிற்கிறது. கல்லில் என் பெயர் இருந்த பாகம் மேலோடு போயிற்று. இப்போது குதிரை இருக்கிறது, யார் வைத்த குதிரை என்று யாருக்கும் தெரியாது.

இன்றைக்கு வண்டி வந்தது. உன் டிரைவர் மூங்கில் கழியை எடுக்கவே இல்லை, மணியடித்துக்கொண்டே நேராக மில்வரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஊர்க் குழந்தைகள் எல்லாம் பின்னால் ஓடின. இனி நீ நாலாவது தடவை உயரம் கேட்டாலும் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை, மேலே வானம்தான்.

அவளும் முன் சீட்டில்தான் வந்தாள். டீ கொடுத்தேன். என் அலுவலக ஜன்னலைப் பார்த்துவிட்டு, இங்கேயும் வெயில் படுகிறதே என்று கேட்காமலேயே டேப்பை எடுத்து அளந்துகொண்டு போயிருக்கிறாள். நீலத் துணி என்று சொல்லியிருக்கிறேன். பச்சை உனக்கு, எனக்கு அதே மாதிரி வேண்டாம். அடியில் பூ வேலை மட்டும் உன்னுடையதைவிட ஒரு வரிசை கூட இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன், எதற்கும் நீ போய்ப் பார்த்துக்கொள்.

அவளை நீ அக்கா என்றே கூப்பிட்டுக்கொள். செருப்பு போனதுகூடத் தெரியாமல் ஓடினவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? வயிறு இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது, அது அணைய நாளாகும், அதற்கு எந்த ஹோஸும் எட்டாது. நீ ஒன்று மட்டும் செய். ஞாயிற்றுக்கிழமை வா. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தக் குதிரைகளுக்கு நடுவில் நின்று என்னைக் கூப்பிடு. அவளைக் கூப்பிடுவதைவிடக் கொஞ்சம் சத்தமாக.

உன் அக்கா